வெள்ளைத் துணிக்கு அந்தப் பக்கம்

— ஐரின், அந்தக் கயித்தை ஏன் பெட்டிக்குள்ளை வைக்கிறாய்? அது உனக்குச் செய்த வேலை காணாதே?

— கயிறு என்ன செஞ்சுச்சு பாலா? அது பாட்டுக்குச் சுத்துச்சு, நான் பாட்டுக்குக் குதிச்சேன்.

— ஒண்டரை வருசமாய் விடியக்காலமை எழும்பி, இந்தப் பெட்டியள் வைக்கிற அறைக்குள்ளை நிண்டு நூறு, இருநூறு எண்டு பாய்ஞ்சாய். எந்த நெஞ்சு தாங்கும்? இப்ப பார், டொக்டர் ஒரு வரி எழுதிப்போட்டார். இருதயம் பலவீனம், படிப்பிக்கிற வேலைக்குத் தகுதி இல்லையெண்டு. ரண்டு வருசம் இந்தக் கலாசாலையிலை ரீச்சருக்குப் படிச்சு, கடைசிச் சோதினையும் எழுதி, என்ன பிரயோசனம்?

— சரி விடு.

— எல்லாத்துக்கும் ஒரு 'சரி விடு'. சோறு அவியாட்டிலும் சரி விடு, மேட்றன் ஏசினாலும் சரி விடு. இதுக்குமோ?

— அழுதா மாத்தி எழுதுவாரா? செவ்வாக்கிழம முடிவப் பலகையில ஒட்டினப்பவே அழ வேண்டியதெல்லாம் அழுதுட்டேன். இன்னைக்கு வெள்ளி. அந்தச் சீலைய மடிச்சுக் குடு.

— இஞ்சை பார், இதிலை ஒரே தேயிலைக் கறை.

— அது எங்கம்மாவோடது. கொழுந்தெடுக்கப் போறப்ப கட்டுறது. அதக் கட்டிக்கிட்டுத்தான் மொத நாள் இந்த மேட்டுல ஏறி வந்தேன். ஒன்னோட டிரங்குப் பெட்டியும் என் தலையிலதான் வந்துச்சு.

— மறப்பனே? கேற்றடியிலை நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டனான். நீ கேக்காமலே தூக்கினாய். 'குடுங்கக்கா, எங்க கலஹாத் தோட்டத்துல இத விடப் பெரிய மேடெல்லாம் இருக்கு' எண்டாய். அண்டைக்கே நினைச்சனான், இவள்தான் என்ரை ஆள் எண்டு.

— அன்னைக்கே நெனச்சியா?

— ஓம். ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?

— சும்மாதான். தள்ளு, பெட்டிய இந்தப் பக்கம் நகத்தணும்.

— ஐயோ, நீ தூக்காதை! நெஞ்சுக்குக் கூடாது. இனிமேல் நீ கவனமாய் இருக்க வேணும் பிள்ளை. படி இறங்கேக்கை நாலு படிக்கு ஒருக்கா நில்லு. ஆரும் பாத்தால் சீலையைச் சரிப்படுத்திற மாதிரி நில்லு, ஒருத்தருக்கும் விளங்காது. இடப்பக்கம் சரிஞ்சு படுக்காதை. குளிருக்கை தலை முழுகாதை. உப்பைக் குறை.

— ரொம்பத் தெரிஞ்சு வச்சிருக்க.

— அண்ணன் கொழும்பிலை டொக்டருக்குப் படிக்கிறவரெல்லே. கேட்டு வைச்சிருக்கிறன்.

— ஆமா, மூணு நாளா நல்லாத்தான் பாத்துக்குற. வாளி தூக்க விடல. பால் கோப்பி கட்டிலுக்கே கொண்டாந்து குடுத்த. சோத்து மேசையில எல்லாருக்கும் முன்னால 'இவளை ஓட விடாதேங்கோ, இவளுக்கு நெஞ்சு வருத்தம்'னு சொன்ன. அந்தப் புள்ளைக என்னைய ஒரு மாதிரியாப் பாத்துச்சுக, நான் சாகப்போற மாதிரி.

— உன்னிலை இருக்கிற அன்பிலைதான் சொன்னனான். எப்பிடிப் போறாய்? பேராதனைக்குப் போய் பஸ் எடுப்பியோ, இல்லாட்டி மக்கீன் நானாவின்ரை கார் வருமோ?

— காரு வரும்.

— அது நல்லது. அந்த அலவத்துகொட நானா குலுக்காமல் ஓட்டுவார். வீட்டுக்கு எழுதிப்போட்டியோ?

— இன்னும் எழுதல. என்னன்னு எழுதுறது? எங்கப்பா ஸ்டோருல தேயிலை அரைக்கிற மெசினு சத்தத்துக்கும் மேல 'எம்மக டீச்சரு, எம்மக டீச்சரு'ன்னு கத்திக்கிட்டு இருப்பாரு. கிறகரி மக வர்றான்னு சொல்லி லயத்து வீடுகள்ல நாப்பது புள்ளைக சிலேட்டு வாங்கி வச்சிருக்குதுக. இப்ப அங்க பாடம் நடத்துறது யாரு தெரியுமா? கங்காணியோட மருமகன். அவருக்குக் கூட்டல் வராது. கழித்தல் மட்டும் நல்லா வரும், புள்ளைக கொண்டுவர்ற வாழப்பழத்துல.

— இந்த நேரத்திலையும் பகிடி விடுறாய் பார்.

— பகிடி இல்ல பாலா. நான் போகலன்னா அதுக பத்து வயசுல கூடையத் தூக்கிடும். நானும் அதுகளோட தூக்கணும். தொரை தெளிவாச் சொல்லிட்டாரு. சர்ட்டிபிக்கட் இருந்தாப் பள்ளிக்கூடம், இல்லன்னா கொழுந்து.

— ஐரினம்மா! உள்ளாற இருக்கீகளா? அட, பாலாம்பிகையம்மாவும் இங்கதானா!

— என்ன ராக்கம்மா, காரு வந்துருச்சா?

— இன்னும் வரல சாமி. வந்ததும் அடுப்ப அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்து சொல்றேன். நீங்க சொன்னதெல்லாம் நெனப்புல இருக்கு. அது என்ன பொட்டிக்குள்ள? ஏ ஆத்தா! இது என் துணி காயப்போடுற கயிறுல்ல?

— கத்தாதீங்க ராக்கம்மா, கீழ கேக்கும்.

— ஒண்ணர வருசமாத் தேடுறேன்! கொரங்கு தூக்கிருச்சுன்னு நான் சொல்ல, நீ வித்துட்டேன்னு மேட்றனம்மா சொல்ல, அந்தப் பேச்செல்லாம் பேசினாகளே! எம்மவன் மடுல்கெல்லையில இருந்து கொண்டாந்த கயிறு. பாதிய அறுத்துட்டீக. மிச்சப் பாதியிலதானே திங்கக்கெழம டொக்டரு வந்தப்ப துணியக் கட்டுனேன். எட்டாம, சன்னல் கம்பியில கந்தல முடிஞ்சு இழுத்துக் கட்டுனேன்.

— அந்தத் துணியக் கட்டித்தான் ஆகணுமா?

— பின்ன? ஆம்பள டொக்டரு, வயசுப் புள்ளைக. நான் இங்க சமைக்க வந்து பன்னெண்டு வருசமா அதான வழக்கம். வெள்ளப் பெட்சீட்டு, நடுவுல கை நொழையிற அளவுக்கு ஒரு கிழிசலு. அந்தப் பக்கம் டொக்டரும் மேட்றனம்மாவும். இந்தப் பக்கம் புள்ள. நெஞ்சுச் சத்தம் கேக்குற கொழா முனைய அவரு உள்ள நீட்டுவாரு, புள்ள வாங்கித் தன் நெஞ்சுல வச்சுக்கணும். அவரு மூஞ்சியப் பாக்க மாட்டாரு, பேரு கேக்க மாட்டாரு. துணிக்கு அடியில நம்பர்த் துண்ட நீட்டுனா அத வச்சு மேட்றனம்மா எழுதிக்குவாக. மானம் மரியாதையா நடக்கும்.

— சரி ராக்கம்மா, நீங்கள் போங்கோ. இவள் பெட்டி அடுக்க வேணும்.

— போறேன், போறேன். கயிறு இருக்கட்டும் ஐரினம்மா, நீங்களே வச்சுக்கங்க. இங்கிலீசு படிக்கிற புள்ளைக கயிறு திருடும்னு யாரு கண்டா!

— பாத்தியா பாலா? ராக்கம்மாவுக்குக்கூடத் தெரியாம இத்தன நாளு வச்சிருந்தோம். ஒன்னையும் என்னையும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

— ஓம்.

— கயிறு எடுத்த மொத நாளு நெனப்பு இருக்கா? விடிஞ்சா இன்ஸ்பெக்டரு முன்னால பாடம் நடத்தணும். மத்தப் புள்ளைக நெத்தியில ஓடிக்கொலோன் தடவிக்கிட்டுப் படுத்துக் கெடந்தாங்க. ஒருத்தி பாடத்த மனப்பாடம் பண்ணிப் பண்ணி மூக்குல ரத்தமே வந்துருச்சு. நான் இந்த மூலையில, ரெண்டு பெட்டிக்கு நடுவுல கெடந்தேன். கை நடுங்குது, வாந்தி வருது, மூச்சு உள்ளயும் போகல வெளியவும் வரல. செத்துடுவேன்னுதான் நெனச்சேன்.

— நான் பெட்டியிலை புத்தகம் எடுக்க வந்தனான்.

— வந்த. நீ தண்ணி குடுக்கல. சாமி கும்பிடச் சொல்லல. 'எழும்பு, பாய்'னு சொன்ன. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு.

— அண்ணன் எழுதினவர், பயம் பிடிச்சால் முதல் உடம்பை அலுக்க வை, மனம் பிறகு தானாய் வந்து பக்கத்திலை குந்தும் எண்டு. அதை உன்னிலைதான் சோதிச்சுப் பாத்தன்.

— ட்றில் கிளாசுல கைய மேல தூக்கு, கீழ எறக்குன்னு பொம்ம மாதிரி நிக்க வச்சாங்க. பொம்பளப் புள்ள குதிச்சா வயித்துக்கு ஆகாதுன்னு மேட்றன் சொல்லுவாங்க. அந்த ட்றிலு எதுக்கும் ஒதவல. கயிறு சுத்துனப்ப அம்பதுல கை நடுக்கம் நின்னுச்சு. நூறுல மூச்சு வந்துச்சு. நூத்தம்பதுல பாத்தா, இன்ஸ்பெக்டரும் மீச வச்ச ஒரு சாதாரண மனுசன்தான்னு தோணிருச்சு. அன்னைக்கு நான் நடத்துன பாடத்துக்கு அவரு கைதட்டுனாரு பாலா. இருந்த பயத்துக்கு நான் வெறும் கயித்துலதான் தப்பிச்சேன்.

— கயித்திலை மட்டுமே? நான் எண்ணேல்லையே? இந்தப் பெட்டிக்கு மேலை இருந்து ஒவ்வொரு நாளும் எண்ணினனான்.

— எண்ணுன. ஒரு நாள்கூட நீ குதிச்சதில்ல.

— எனக்குத் தலையிடி வரும் எண்டு சொல்லியிருக்கிறன்.

— மே மாசம் ராசா ஜுபிலிக்கு நாங்க எல்லாரும் போகம்பறை மைதானத்துல ட்றில் காட்டினப்பவும் தலையிடி. ஞாயித்துக்கிழம கொளத்தச் சுத்தி நடக்கக் கூட்டிட்டுப் போறப்பவும் தலையிடி.

— எல்லாருக்கும் உன்னைப்போலை உடம்பு வாய்க்குமே? நீ பாயேக்கை நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவன். நானும் பாயிற மாதிரி இருக்கும். எனக்கு அது காணும்.

— இப்ப ஒரு தடவ குதி. கடைசி நாளு. நான் எண்ணுறேன். அஞ்சே அஞ்சு.

— விசர்க்கதை கதையாதை.

— மூணு?

— எடி, பெட்டியைப் பூட்டு. கார் வரப்போகுது.

— சரி விடு.

— ஐரின், என்னிலை கோவமோ?

— ஏன் கேக்குற?

— வந்ததிலையிருந்து நீ என்ரை முகத்தைப் பாக்கிறாயில்லை.

— செவ்வாக்கிழம பெரிய மிஸ்ஸி என்னையப் பிரின்சிபல் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. கதிரையில ஒக்காரச் சொன்னாங்க, ரெண்டு வருசத்துல மொத தடவயா. 'ஏன் பிள்ளை எங்ககிட்ட மறைச்ச? பயம் வந்தா வாந்தி எடுப்பியாமே, மூச்சு நின்னுடுமாமே, ஒளிச்சு ஒளிச்சுக் கயிறு குதிப்பியாமே? நெஞ்சு கெடாம என்ன செய்யும்'னு கேட்டாங்க.

— அவ அப்பிடியே கேட்டவ?

— இந்தக் கதை ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அதுல ஒருத்தி நான்.

— ஓம். நான்தான் மேட்றனிட்டைச் சொன்னனான்.

— எப்ப சொன்ன?

— திங்கட்கிழமை பின்னேரம். உனக்கு நெஞ்சு சரியில்லையாம், ஏன் இப்பிடி வந்தது எண்டு அவை யோசிச்சினம். காரணத்தைச் சொன்னால் உன்னிலை இரக்கப்படுவினம் எண்டு நினைச்சன். கடவுளறிய உன்ரை நன்மைக்குத்தான் ஐரின்.

— செவ்வாக்கிழம காலையிலதான் பலகையில ஒட்டுனாங்க. எனக்கே தெரியாதது ஒனக்குத் திங்கக்கெழமயே எப்பிடித் தெரியும்?

— மேட்றன்தான் வாய் தவறிச் சொன்னவ.

— சரி, மேட்றன் சொன்னாங்க.

— நீ நம்பேல்லைப்போலை.

— அத விடு. திங்கக்கெழம ஏன் முந்நூறு குதிக்கச் சொன்ன? பரீட்சை நாள்ல நூறுக்கு மேல வேணாம், களைச்சுப் போயிடுவேன்னு சட்டம் போட்டதே நீதான்.

— நீ இரவிரவாய் நித்திரை கொள்ளேல்லை. ஆம்பிளை டொக்டர் எண்டு நடுங்கினாய். அதாலை கூட்டிச் சொன்னனான்.

— குதிக்கிறதுக்கு முன்னால செபமால, கொண்டை ஊசி, நம்பர்த் துண்டு, எல்லாத்தையும் ஒங்கையில குடுத்தேன். எப்பவும் குடுக்குற மாதிரி.

— எல்லாம் திருப்பித் தந்தனான்தானே?

— தந்த. மணி அடிச்சுச்சு. நாலா மடிச்ச துண்ட என் கையில வச்சு 'ஓடு, ஓடு'ன்னு தள்ளுன. கட்டில் வரிசப்படி நான் பதினாலு, நீ பதினஞ்சு. வரிசையில நின்னு என் மொற வர்றதுக்குள்ள மூச்செல்லாம் அடங்கிருச்சு. துண்ட விரிச்சுக்கூடப் பாக்காம துணிக்கு அடியில நீட்டுனேன். கொழா முன சில்லுன்னு இருந்துச்சு. டொக்டரு கொஞ்ச நேரம்தான் கேட்டாரு. 'நல்ல நெஞ்சு, குதிரை மாதிரி நெஞ்சு'ன்னு மேட்றன்கிட்ட இங்கிலீசுல சொல்லிச் சிரிச்சாரு. எனக்குச் சந்தோசம் தாங்கல.

— அவர் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுவார்.

— ஒனக்கும் சொன்னாரா?

— எனக்கு ஞாபகமில்லை.

— எனக்கு இருக்கு. நான் போகல, கதவுக்கு வெளிய ஒனக்காக நின்னேன். நீ உள்ள போன. டொக்டரு ரொம்ப நேரம் கேட்டாரு. அப்பறம் 'இங்க பாருங்க, இப்பிடி அடிக்குது'ன்னு மேட்றனுக்குப் பென்சிலால மேசையில தட்டிக் காட்டுனாரு. டக், டக், டக். அப்பறம் ஒண்ணுமில்ல. மறுபடி டக், டக், டக். அப்பறம் ஒண்ணுமில்ல.

— ஐரின், காணும், நிப்பாட்டு.

— 'சின்ன வயசுல வந்த மூட்டுக் காய்ச்சல், நெஞ்சுல தங்கிருச்சு'ன்னாரு. எனக்கு மலேரியா வந்திருக்கு. மூட்டுக் காய்ச்சல் வந்ததே இல்ல.

— காணும் எண்டு சொல்லுறன்.

— அந்தத் தட்டு எனக்குப் புதுசில்ல பாலா. போன கிறிஸ்மஸ் லீவுல ஊருக்குப் போகாம நீயும் நானும் மட்டும் விடுதியில இருந்தோம். ஒனக்குக் காய்ச்சல். என் தலையப் புடிச்சு ஒன் நெஞ்சுல வச்சு, 'கேட்டுப் பார், மூண்டு தரம் அடிச்சிட்டு ஒருக்கா யோசிக்குது'ன்னு சிரிச்ச. நானும் சேந்து சிரிச்சேன். நீ ஏதோ மூச்சப் புடிச்சு வெளையாட்டுக் காட்டுறன்னு நெனச்சேன்.

— கதவைச் சாத்து. ஆரும் வந்தாலும்.

— சாத்திட்டேன். திங்கக்கெழம அந்தத் தட்டக் கேட்டதும்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஐயோ, பாலாவக் கண்டுபிடிச்சுட்டாங்களே, இவளத் திருப்பி அனுப்பிடுவாங்களேன்னு அங்கயே நின்னு அழுதேன். சாயந்தரம் கோயிலுக்குப் போயி மாதாவுக்கு முன்னால ஒம்பேருல மெழுகுதிரி கொளுத்துனேன். நீ வேற சாமி கும்புடுறவன்னு தெரியும், இருந்தாலும் கொளுத்துனேன். 'அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது தாயே, வேணும்னா என்னைய என்னமும் செய்'ன்னு வேண்டுனேன். நான் அங்க முட்டி போட்டிருந்த நேரத்துல நீ மேட்றன்கிட்ட என் கதையச் சொல்லிக்கிட்டு இருந்திருக்க.

— எனக்கு அது தெரியாது ஐரின்.

— செவ்வாக்கிழம பலகையப் பாக்குறேன், என் பேரு. மாதா நான் கேட்டத அப்பிடியே குடுத்துட்டாளேன்னு ஒரு நிமிசம் மாதா மேல கோவப்பட்டேன் பாரு, அவ்வளவு மடச்சி நான். அப்பறம்தான் அந்த நாலா மடிச்ச துண்டு நெனப்புக்கு வந்துச்சு.

— என்னட்டை வேறை வழி இருக்கேல்லை.

— சொல்லு. ஒன் வாயால சொல்லு, கேக்குறேன்.

— ரண்டு துண்டும் என்ரை கையுக்கை இருந்தது. உன்ரையும் என்ரையும். நீ பாய்ஞ்சுகொண்டிருந்தாய். இருநூறு மட்டும் ஒண்டும் செய்யேல்லை, சத்தியமாய். இருநூற்றிப் பத்திலை மாத்தினன். இருநூற்றி இருபதிலை திருப்பி எடுக்க நினைச்சன். கை வரேல்லை.

— எண்ணிக்கிட்டே மாத்தியிருக்க. எனக்கு ஒரு எண்ணிக்ககூடத் தப்பல.

— பன்னிரண்டு வயசிலை வந்த காய்ச்சல். அப்பாவும் அம்மாவும் ஊரிலை ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. எனக்குக் கீழை ரண்டு தங்கச்சியவை இருக்கினம். அக்காவுக்கு நெஞ்சு வருத்தம் எண்டு வெளியிலை வந்தால் அவையையும் ஆர் கலியாணம் கேட்டு வருவினம்? என்னை ஒரு மூலையிலை இருத்திப்போட்டு, சாகுமட்டும் கஞ்சி ஊத்துவினம். இந்த வேலை ஒண்டுதான் எனக்கு இருக்கிறது. உனக்கென்ன, நீ திடமான பிள்ளை. எங்கையும் பிழைப்பாய். உங்கடை ஆக்களுக்குத் தோட்டத்திலை எப்பவும் வேலை இருக்கும்தானே.

— எங்க ஆளுகளுக்கா?

— நான் அப்பிடிச் சொல்ல வரேல்லை.

— சொல்லிட்ட. ரெண்டு வருசமா ஒரே கோப்பையில கோப்பி குடிச்சோம், இன்னைக்குத்தான் சொன்ன. மொத நாளு ஒன் பெட்டியத் தூக்குனவதான் நான் ஒனக்கு. இப்பவும் ஒன் சொமையத்தான் என் தலையில ஏத்துற. அன்னைக்கு நானாத் தூக்குனேன், இன்னைக்குத் தெரியாமத் தூக்க வச்சுட்ட. அதுதான் வித்தியாசம்.

— ஏசு. எவ்வளவும் ஏசு.

— ஏசல. ஒண்ணே ஒண்ணுதான் மனசுக்கு ஆறல. ஏன் என்கிட்டக் கேக்கல? அந்தத் துணிக்குப் பின்னால யாரு நிக்கிறான்னு ஒருத்தருக்கும் தெரியாது. 'ஐரின், எனக்குப் பதிலா நீயே இன்னொரு தடவ போயி நில்லு'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நின்னிருப்பேன். பாவமோ புண்ணியமோ, யோசிச்சிருக்கவே மாட்டேன். என் நெஞ்சு ரெண்டு பேருக்கும் போதுமானதா இருந்துச்சு பாலா.

— எனக்கு அது தோணவேயில்லை.

— தோணாது. பறிக்கிறதுக்குத்தான் தோணுச்சு, கேக்கத் தோணல. மூணு நாளாக் காத்திருந்தேன். சோத்து மேசையில, குளிக்கிற எடத்துல, கட்டில்ல, இப்ப சொல்லுவ, அப்ப சொல்லுவன்னு. நீ பால் கோப்பி கொண்டாந்த. ஒன் நோய்க்கு ஒங்கம்மா பாத்த பக்குவத்தயெல்லாம் எனக்குப் பாத்த. இன்னைக்குப் பெட்டி அடுக்க வான்னு கூப்பிட்டதும் அதுக்குத்தான். எத்தன தடவ வாயக் கிளறுனேன், எத்தன பொய் சொன்ன.

— என்னை இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?

— இன்னும் நேரம் இருக்கு. கீழ போயி மேட்றன்கிட்ட துண்டு மாறிப்போச்சுன்னு சொல்லு. மாத்துனேன்னு சொல்ல வேணாம், மாறிப்போச்சுன்னா போதும். நானும் ஆமான்னு சொல்றேன். ரெண்டு துண்டும் ஒரே கையில இருந்துச்சு, தவறிப்போச்சுன்னு முடிஞ்சுடும். யாரும் ஒன்னையக் கள்ளின்னு சொல்ல மாட்டாங்க.

— கள்ளி எண்டு சொல்லாயினம். நோயாளி எண்டு சொல்லுவினம். எனக்கு அதுதான் ஏலாது.

— பதினெட்டுப் படிதான் பாலா. நானும் கூட வர்றேன், நாலு படிக்கு ஒருக்கா நின்னு போவோம்.

— ஏலாது ஐரின். நீ போ. நான் கிழமைக்குக் கிழமை உனக்குக் காயிதம் எழுதுவன். உன்ரை பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் படப் புத்தகங்கள் அனுப்புவன்.

— எந்தப் பள்ளிக்கூடம்?

— நான் தெரியாமல் சொல்லிப்போட்டன். அழாதை. நீ அழுதால் எனக்கு நெஞ்சு படபடக்குது. இஞ்சை பார், நீ சொல்லமாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும். நீ ஆரையும் காட்டிக் குடுக்கிற பிள்ளை இல்லை.

— காரு சத்தம் கேக்குது.

— மக்கீன் நானா வந்திட்டார் போலை. எழும்பு, பெட்டியை ஒரு பக்கம் நான் பிடிக்கிறன். இல்லை, கொஞ்சம் பொறு. இப்பிடிக் கோவத்தோடை போகாதை. நீ எல்லாத்துக்கும் சொல்லுறதுதானே ஐரின், எனக்கும் ஒருக்காச் சொல்லன். 'சரி விடு' எண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போ.

— ஐரினம்மா! டொக்டரையா காரு வந்துருச்சு. காலையில நீங்க பெரிய மிஸ்ஸிகிட்ட அழுது கேட்டபடியே பதினாலையும் பதினஞ்சையும் மறுக்காப் பாக்குறாராம், ரெண்டு பேரையும் ஒண்ணா எறங்கி வரச் சொன்னாரு. நீங்க சொன்ன மாதிரியே இந்தத் தடவ நான் துணி கட்டல சாமி.